வரைபடத்தில் 3 டிகிரி, பெட்டிக்குள் 9 டிகிரி: சென்சாரை மாற்ற வேண்டுமா?

கேள்வி: பச்சை மீனைக் குளிர்சாதன வண்டிகளில் நெடுந்தொலைவுக்கு அனுப்பும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். ஒவ்வொரு வண்டியிலும் ஆறு வயர்லெஸ் வெப்பநிலை சென்சார்கள் உள்ளன. சென்ற வாரம் ஒரு பயணத்தில் பதிவான வெப்பநிலை முழுவதும் 2 முதல் 4 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே இருந்தது. நடுவில் மூன்று மணி நேரப் பதிவு மட்டும் இல்லை. ஆனால், சரக்கைப் பெற்றவர் ஒரு பெட்டிக்குள் தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தபோது 9 டிகிரி காட்டியதால், மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிட்டார். பழைய சென்சார்கள் பழுதாகிவிட்டன, விலை கூடிய புதிய ரகத்துக்கு மாறுங்கள் என்று விற்பனையாளர் வற்புறுத்துகிறார். மாறலாமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், உங்கள் சென்சாரும் உண்மையைச் சொல்லியிருக்கலாம், அவருடைய தெர்மாமீட்டரும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சென்சார் அளந்தது காற்றை. அவர் அளந்தது மீனை. குளிர்சாதன வண்டியின் இயந்திரம் ஏற்கெனவே குளிர்ந்த பொருளை அதே நிலையில் காப்பதற்காக அமைக்கப்பட்டதே தவிர, வெதுவெதுப்பாக ஏற்றிய பொருளைக் குளிரவைப்பதற்காக அமைக்கப்பட்டதன்று. 10 டிகிரியில் நெருக்கி அடுக்கி, மூடி கட்டி ஏற்றிய மீன்பெட்டியைச் சுற்றி 3 டிகிரிக் காற்று பல மணி நேரம் வீசினாலும், பெட்டியின் நடுவில் உள்ள மீன் மிக மெதுவாகவே குளிரும். பச்சை மீன் உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலையை ஒட்டி, அதாவது 0 டிகிரிக்கு அருகில் இருக்க வேண்டும். ஆகவே நீங்கள் முதலில் விசாரிக்க வேண்டியது வண்டி ஓடிய நேரத்தை அல்ல, ஏற்றுவதற்கு முன் பெட்டிகள் மேடையில் காத்திருந்த நேரத்தை.

அடுத்தது, சென்சார்களை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பது. நான் சோதிக்கச் சென்ற வண்டிகளில் பெரும்பாலானவற்றில், அவை முன்சுவரில் குளிர்க்காற்று வெளிவரும் வாய்க்குக் கீழே, கைக்கு எட்டும் உயரத்தில் ஒட்டுநாடாவால் ஒட்டப்பட்டிருக்கும். வண்டியில் மிகக் குளிர்ந்த இடங்களில் அதுவும் ஒன்று; அங்கே எடுத்த அளவு எப்போதும் அழகாகவே இருக்கும். வெப்பம் முதலில் ஏறுவது பின்கதவை ஒட்டிய மேல் அடுக்கிலும், காற்று புக வழியில்லாமல் நெருக்கி அடுக்கிய குவியலின் நடுவிலும். ஆறில் இரண்டைக் கதவோரத்துக்கு மாற்றுங்கள். குறைந்தது ஒன்று, நீண்ட கம்பியின் முனையில் உலோக ஊசி உள்ள வகையாக இருக்கட்டும்: ஊசி பெட்டிக்குள் மீன்களுக்கு இடையில் இருக்க வேண்டும், அலை அனுப்பும் பகுதி பெட்டிக்கு வெளியே இருக்க வேண்டும். முழுச் சென்சாரையும் மீனுக்குள் புதைத்தால் அதன் குரல் வெளியே கேட்காது, ஏனென்றால் புளூடூத் போன்றவை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் விழுங்கிவிடும். மீனின் பெரும்பகுதி நீர்தான். 868 அல்லது 915 மெகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குபவை இவ்வகையில் ஓரளவு மேல், ஆனால் வண்டியின் உலோக உடலும் அலுமினியத் தாள் உறைகளும் அவற்றையும் தடுக்கும்.

சென்சார் உண்மையிலேயே பழுதா என்பதை நீங்களே அரை மணி நேரத்தில் கண்டுபிடிக்கலாம். ஒரு தெர்மாஸ் குடுவையை நன்றாக நொறுக்கிய பனிக்கட்டியால் நிரப்புங்கள்; இடைவெளிகள் மட்டும் நிறையும் அளவுக்குச் சுத்தமான குளிர்ந்த நீரை ஊற்றிக் கலக்குங்கள். ஊசியின் முனை அடியிலோ சுவரிலோ படாமல் நடுவில் நிற்கட்டும். பத்து நிமிடம் கழித்து 0 டிகிரி காட்ட வேண்டும். அரை டிகிரி முன்பின் இருக்கலாம். நிறைய நீரில் நாலு கட்டிகளை மிதக்கவிட்டுச் சோதிப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்: நீர் ஏறத்தாழ 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருப்பதால், குடுவையின் அடியில் 4 டிகிரி நீர் தங்கிவிடும். ஊசி இல்லாத, நீர் புகக்கூடிய சென்சாரைக் காற்று வெளியேற்றிய பிளாஸ்டிக் பையில் இட்டு, இன்னும் அதிக நேரம் காத்திருங்கள்.

இதைச் செய்யாமல், சென்சார் சரியாக அளக்கிறதா என்று சோதித்துத் தரும் கேலிபரேஷன் சான்றிதழை மட்டும் நம்பிக் கெட்டவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். ஒரு கிடங்கில் ஓர் இடைத்தரகர் நாற்பது சென்சார்களுக்கு நாற்பது கேலிபரேஷன் சான்றிதழ்கள் கொடுத்திருந்தார். நாற்பதிலும் பிழை அளவு கடைசி இலக்கம் வரை ஒன்றாகவே இருந்தது. எதையும் சோதிக்காமல் ஒரே தாளை நகலெடுத்து வரிசை எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். சான்றிதழைக் கையில் வாங்கியதும் மூன்றைப் பாருங்கள்: அதில் உள்ள வரிசை எண் சென்சாரின் முதுகில் உள்ளதா, சோதித்த வெப்பநிலைகளில் உங்கள் பொருளின் வெப்பநிலை அடங்கியிருக்கிறதா, சோதித்த ஆய்வகம் ஐஎஸ்ஓ 17025 தரத்தின்படி அங்கீகாரம் பெற்றதா. அறை வெப்பநிலையில் மட்டும் சோதித்த தாள் உங்களுக்குப் பயன்படாது. தணிக்கைக்கு வருபவர்களில் பலர் கோப்பில் தாள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் குறியிட்டுவிட்டுப் போகிறார்கள்; சென்சார் எங்கே ஒட்டப்பட்டிருந்தது என்று கேட்பவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். உண்பவரின் உடல்நலத்தைக் காக்க ஏற்படுத்திய ஏற்பாடு கோப்பைக் காப்பதோடு முடிந்துவிடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

காணாமல்போன மூன்று மணி நேரத்துக்கு வருவோம். சென்சாருக்கு உள்நினைவகம் இருந்தால், தொடர்பு அறுந்த நேரத்து அளவுகளையும் அது சேமித்து, தொடர்பு கிடைத்ததும் அனுப்பிவிடும். நினைவகம் இல்லாவிட்டால் அவை என்றென்றைக்கும் போயின. உங்களுடையது எந்த வகை என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். உங்கள் வரைபடம் இடைவெளியை இடைவெளியாகவே காட்டியிருப்பது நல்லது. சில மென்பொருள்கள் விட்டுப்போன நேரத்தின் இரு முனைகளையும் நேர்க்கோட்டால் இணைத்து, ஒன்றுமே நடக்காததுபோல் காட்டிவிடுகின்றன. படத்தை மட்டும் வாங்காமல், ஒவ்வோர் அளவும் நேரமும் சென்சார் எண்ணும் கொண்ட மூலப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். சந்தா நின்றதும் பழைய பதிவுகளைத் திறக்கவிடாமல் பூட்டிவிடும் ஒப்பந்தங்களில் கையெழுத்திடாதீர்கள்.

சென்சார்களை இடம் மாற்றியபின் ஒரு விதிவிலக்கை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அதை அறியாதவர்கள் பதறிப்போய் எச்சரிக்கை ஒலியையே நிறுத்திவிடுகிறார்கள். குளிரூட்டும் சுருளில் பனி படிந்து காற்றை அடைக்கும் என்பதால், இயந்திரம் சில மணி நேரத்துக்கு ஒருமுறை சுருளைச் சூடாக்கிப் பனியைக் கரைக்கும். அந்த நேரத்தில் சுருளின் அருகே உள்ள சென்சார் பல டிகிரி ஏறி, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். இது பழுதன்று; மீனின் வெப்பநிலையும் அதற்குள் மாறிவிடாது. அடையாளம் காண்பது எளிது: முகடுகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில், ஒழுங்கான இடைவெளியில், முன்பக்கச் சென்சார்களில் மட்டும் தோன்றும். கதவோரச் சென்சார் மட்டும் ஏறினால் கதவு திறந்திருக்கிறது. எல்லாச் சென்சார்களும் சேர்ந்து ஏறி இறங்காமல் நின்றால் இயந்திரம் நின்றுவிட்டது. மீன்களுக்கு இடையில் உள்ள ஊசியும் ஏறத் தொடங்கினால் பொருளே கெடத் தொடங்குகிறது, உடனே ஓட்டுநரை அழையுங்கள். எச்சரிக்கை எல்லையை உயர்த்தாதீர்கள். எல்லையைத் தாண்டி 30 நிமிடம் நீடித்தால் மட்டும் ஒலிக்கும்படி காற்றுச் சென்சார்களை அமையுங்கள். ஊசிக்கு அந்தச் சலுகை வேண்டாம்.

திரும்பி வந்த சரக்கில் சூரை, கானாங்கெளுத்தி வகை மீன்கள் இருந்தால், மீண்டும் பனியிட்டு வேறொருவருக்கு விற்க நினைக்காதீர்கள். வெப்பத்தில் கிடந்த இவ்வகை மீன்களில் ஹிஸ்டமின் என்னும் நச்சு உருவாகும். அதைச் சமைத்தும் போக்க முடியாது, உறையவைத்தும் போக்க முடியாது, மீனின் தோற்றமும் அதைக் காட்டிக்கொடுக்காது.

அடுத்த சரக்கை ஏற்றும்போது, வண்டியை முன்கூட்டியே குளிரவைத்துவிட்டு, மேல், நடு, கீழ் அடுக்குகளிலிருந்து தலா ஒரு பெட்டியைத் திறந்து மீனின் வெப்பநிலையை எடுங்கள். மூன்று அளவுகளையும், எடுத்த நேரத்தையும், சென்சார்கள் எந்தெந்த இடத்தில் உள்ளன என்பதையும் ஒரே தாளில் எழுதி, கதவை மூடுமுன் ஓட்டுநரின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.