கையெழுத்துக்கு அப்புறம் என்ன நடக்கிறது? உலக உடன்படிக்கைகள் பற்றி வாசகர்கள் கேட்டவை

பருவநிலை, பெருந்தொற்று, போர், கடல் என்று அரசுகள் கூடிப் பேசும் விஷயங்கள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

உலக மாநாடு முடிந்ததும் தலைவர்கள் வரிசையாக நிற்கும் படம்தான் செய்தியில் வருகிறது. இரண்டு வாரம் உள்ளே அத்தனை பேர் உட்கார்ந்து என்னதான் செய்கிறார்கள்?

படத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் பேச்சு நடத்தியவர்கள் அல்ல. வேலை நடப்பது பக்கத்து அறைகளில். திரையில் வரைவு ஓடிக்கொண்டிருக்கும். எல்லோரும் ஒப்புக்கொள்ளாத சொல் ஒவ்வொன்றும் சதுர அடைப்புக்குறிக்குள் நிற்கும். ஒரு நாடு ஒரு சொல்லைக் கேட்கும், இன்னொரு நாடு வேறொன்றைக் கேட்கும், இரண்டும் அடுத்தடுத்து அடைப்புக்குறிக்குள் ஏறிவிடும். அந்தக் குறிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவதற்குத்தான் அந்த இரண்டு வாரம். நள்ளிரவு தாண்டி ஒரு பத்தியில் நாலு குறி குறைந்தால் அன்றைக்கு நல்ல நாள்.

இதை வெறும் வார்த்தைச் சண்டை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2018-இல் போலந்தின் கட்டோவிட்சே நகரில் பருவநிலை மாநாடு நடந்தது. புவி வெப்பம் 1.5 டிகிரி உயர்ந்தால் என்ன ஆகும் என்று விஞ்ஞானிகள் தந்த அறிக்கையை மாநாடு 'வரவேற்கிறது' என்று எழுதப் பெரும்பாலான நாடுகள் கேட்டன. அமெரிக்கா, சவுதி அரேபியா, ரஷ்யா, குவைத் ஆகிய நான்கும் 'கவனத்தில் கொள்கிறது' என்று எழுதினால் போதும் என்றன. கடைசியில் என்ன வந்தது தெரியுமா? அறிக்கை உரிய நேரத்தில் எழுதி முடிக்கப்பட்டதை மாநாடு வரவேற்றது. அறிக்கை சொன்ன விஷயத்தை வரவேற்பதாக அதில் ஒரு வார்த்தை கிடையாது.

2015 டிசம்பர் 12 அன்று பாரிஸ் பருவநிலை மாநாட்டிலும் ஒரு வினைச்சொல்லுக்காகக் கூட்டம் காத்துக் கிடந்தது. வளர்ந்த நாடுகள் பொருளாதாரம் முழுவதற்குமான வாயு வெளியீட்டு வெட்டு இலக்குகளோடு முன்னே நிற்பதைக் கட்டாயமாக்கும் சொல் இறுதி வரைவில் இருந்தது. அப்படியே விட்டால் அமெரிக்க செனட்டின் ஒப்புதல் தேவைப்படும், அது கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். எழுத்துப் பிழைத் திருத்தங்களின் பட்டியலை மேடையில் வாசிக்கும்போது அதையும் சேர்த்து வாசித்தார்கள். 'செய்தாக வேண்டும்' என்பது 'செய்வது தகும்' ஆனது. சில நிமிடங்களில், மாநாட்டுத் தலைவராக இருந்த பிரான்ஸ் வெளியுறவு அமைச்சர் லோரான் ஃபாபியூஸ், உடன்படிக்கை ஏற்கப்பட்டது என்று சுத்தியலைத் தட்டிவிட்டார்.

அதனால்தான் என் வகுப்பில் முதல் நாளே ஒரு தீர்மானத்தைக் கையில் கொடுத்து, வினைச்சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு போடச் சொல்வேன். 'முடிவு செய்கிறது' எத்தனை இடத்தில் வருகிறது, 'கேட்டுக்கொள்கிறது', 'ஊக்குவிக்கிறது' எத்தனை இடத்தில் வருகின்றன என்று எண்ணினாலே அரசுகள் எதைத் தர வந்தன, எதைத் தர வரவில்லை என்று பாதி புரிந்துவிடும்.

ஒரு நாடு கையெழுத்துப் போட்டும் உடன்படிக்கை அதைக் கட்டுப்படுத்தாது என்கிறார்களே. அப்புறம் எதற்குக் கையெழுத்து?

பொதுவாக இரண்டு படி இருக்கிறது. முதல் படி கையெழுத்து. போட்டுவிட்டால், அந்த உடன்படிக்கையின் நோக்கத்தையே கெடுக்கும் காரியத்தில் இறங்கக் கூடாது என்ற அளவுக்குக் கடமை உண்டு. உடன்படிக்கைகளின் சட்டம் பற்றிய 1969-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை அப்படிச் சொல்கிறது. இரண்டாவது படி, நாட்டுக்குள் உரிய முறையில் ஏற்புறுதி செய்வது. பல நாடுகளில் இது நாடாளுமன்றம் வழியாகப் போகும். முழுக் கடமை அதற்குப் பிறகுதான்.

இரண்டுக்கும் நடுவே பல ஆண்டுகள் ஓடிவிடலாம். பருவநிலை பற்றிய கியோட்டோ நெறிமுறை 1997-இல் ஏற்கப்பட்டது. அமெரிக்கா 1998-இல் கையெழுத்திட்டது, ஏற்புறுதி செய்யவே இல்லை. குறைந்தது 55 நாடுகள் ஏற்க வேண்டும், வளர்ந்த நாடுகளின் 1990-ஆம் ஆண்டு கரியமில வாயு வெளியீட்டில் 55 சதவீதத்துக்கு உரியவர்கள் அவர்களில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு. அமெரிக்கா ஒதுங்கியதும் ரஷ்யாவின் கையில் சாவி போய்விட்டது. ரஷ்யா 2004-இல் ஏற்ற பிறகுதான் 2005 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. பாரிஸ் உடன்படிக்கைக்கோ பதினொரு மாதம்கூட ஆகவில்லை.

அவநம்பிக்கையோடுதான் கேட்கிறேன். இத்தனை மாநாடுகளில் ஒன்றாவது உருப்படியாக எதையாவது தீர்த்திருக்கிறதா?

தீர்த்திருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஓசோன் கதையைப் பாதியில் தெரிந்துகொண்டவர்கள்தான் அதிகம்.

1985 மே மாதம் பிரிட்டிஷ் அண்டார்டிக் ஆய்வு நிறுவனத்தின் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் ஆகிய மூவரும் அண்டார்டிகா வானில் ஓசோன் படலம் மெலிந்துவருவதை வெளியிட்டார்கள். குளிர்பதனப் பெட்டியிலும் தெளிப்பான் புட்டியிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன் (சி.எஃப்.சி.) வாயுதான் சந்தேகத்தின் நடுவில் இருந்தது. இரண்டே ஆண்டில், 1987 செப்டம்பர் 16 அன்று, அந்த வகைப் பொருள்களின் உற்பத்தியை வெட்டும் மான்ட்ரியல் நெறிமுறை ஏற்கப்பட்டது. அப்போது அறிவியல் முழுதாக முடிவாகியிருக்கவில்லை. வெட்டுகளும் போதாதவையாகவே இருந்தன. ஆனால் அதை எழுதியவர்கள் மூன்று விஷயங்களில் தெளிவாக இருந்தார்கள்.

ஒன்று, அறிவியல் தெளியத் தெளிய வெட்டுகளை இறுக்க வழி வைத்தார்கள். பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் வேதிப்பொருளுக்குக் கெடுவை இன்னும் முன்னதாக்க ஒவ்வொரு நாடும் மறுபடி ஏற்புறுதி செய்யத் தேவையில்லை. இரண்டு, சேராத நாடுகளோடு அந்தப் பொருள்களில் வணிகம் செய்யத் தடை. வெளியே நிற்பது லாபம் என்ற நிலை மாறிவிட்டது. மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. வளரும் நாடுகளுக்குப் பத்து ஆண்டு அவகாசம் தந்தார்கள். 1990-இல் லண்டனில் கூடி, ஆலைகளை மாற்ற ஆகும் கூடுதல் செலவுக்குத் தனி நிதியையும் உருவாக்கினார்கள். அந்த நிதிக்குழுவில் பணம் தருவோருக்கும் பெறுவோருக்கும் சம எண்ணிக்கையில் இடம். 2009-இல் ஐ.நா. உறுப்பு நாடுகள் அனைத்தும் உள்ளே வந்துவிட்டன. ஓசோனைக் கெடுக்கும் பொருள்களில் சுமார் 99 சதவீதம் புழக்கத்திலிருந்து போய்விட்டது.

இதற்குப் பின்னால் நடந்தது இன்னும் எனக்குப் பிடித்தது. 2018-இல் விஞ்ஞானிகள் காற்று அளவீடுகளில் ஒரு முரணைக் கண்டார்கள். உற்பத்தி நின்றுவிட்டதாகக் கணக்குக் காட்டப்பட்ட சி.எஃப்.சி-11 வாயு எதிர்பார்த்த வேகத்தில் குறையவில்லை. யாரோ எங்கோ தயாரிக்கிறார்கள். கொரியாவிலும் ஜப்பானிலும் இருந்த அளவீட்டு நிலையங்களின் தரவை வைத்து, அதில் பெரும்பகுதி கிழக்குச் சீனாவிலிருந்து வருகிறது என்று அடுத்த ஆண்டே காட்டினார்கள். விஷயம் உறுப்பு நாடுகளின் கூட்டத்தில் எழுந்தது. சீன அரசு சோதனைகளை முடுக்கியது. 2021-இல் வந்த ஆய்வுகள் வெளியீடு மளமளவென்று இறங்கிவிட்டதைக் காட்டின. அண்டார்டிகா மேலே ஓசோன் 1980-இன் நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்பது மதிப்பீடு. மெதுவான வேலைதான், ஆனால் நடக்கிறது.

கரியமில வாயுவுக்கு இதையே அப்படியே செய்ய முடியுமா என்றால், முடியாது. ஓசோனைக் கெடுத்த வாயுக்களைத் தயாரித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், மாற்றுப் பொருளும் வந்துகொண்டிருந்தது. நிலக்கரியும் எண்ணெயும் ஒவ்வொரு பொருளாதாரத்தின் அடியிலும் கிடக்கின்றன.

ஜி-20 கூட்டறிக்கை சட்டப்படி நாடுகளைக் கட்டுப்படுத்துமா?

கட்டுப்படுத்தாது. ஜி-20 குழுவுக்கு அடிப்படையான உடன்படிக்கையும் கிடையாது, நிரந்தரச் செயலகமும் கிடையாது. பெரிய பொருளாதாரங்கள் எந்தத் திசையில் ஒத்துப்போகின்றன என்று காட்டும் அறிவிப்பு, அவ்வளவுதான்.

பெருந்தொற்று உடன்படிக்கை வந்துவிட்டது, இனி ஊரடங்கு போடும் அதிகாரம் உலக சுகாதார நிறுவனத்துக்குப் போய்விட்டது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

இல்லை. 2025 மே 20 அன்று, நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற அந்த உடன்படிக்கையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. எந்த நாட்டின் சட்டத்தையும் மாற்றவோ, பயணத் தடையோ கட்டாயத் தடுப்பூசியோ ஊரடங்கோ விதிக்கவோ நிறுவனத்தின் செயலகத்துக்கு இதன் வழியாக எந்த அதிகாரமும் இல்லை என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. புதிய கிருமி ஒன்று ஒரு நாட்டில் தெரிந்தால் அதன் மாதிரியையும் மரபணுத் தகவலையும் அந்த நாடு உலகத்தோடு பகிர வேண்டும். அதைக் கொண்டு செய்த தடுப்பூசி அந்த நாட்டு மக்களுக்கு எப்போது வந்து சேரும்? கொரோனா காலத்தில் ஏழை நாடுகள் வரிசையின் கடைசியில் நின்றன. இதற்காக உடன்படிக்கை சொல்லும் பகிர்வுத் திட்டத்தில் பங்கேற்கும் மருந்து நிறுவனங்கள் பெருந்தொற்று நேரத்தில் உற்பத்தியில் 20 சதவீதத்தை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்குவது இலக்கு. அதில் உற்பத்தியின் 10 சதவீதமாவது நன்கொடையாக வர வேண்டும். ஆனால் இது எப்படி நடக்கும் என்ற விவரத்தைத் தனி இணைப்புக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த இணைப்பு முடிந்து ஏற்கப்பட்ட பிறகுதான் உடன்படிக்கையே கையெழுத்துக்குத் திறக்கும். வாட்ஸ்அப்பில் அடுத்த செய்தி வந்தால், இணைப்பு என்ன ஆயிற்று என்று திருப்பிக் கேளுங்கள்.

சின்ன நாடுகள் இந்த மேடைகளில் எடுபடுகின்றனவா, இல்லை சும்மா எண்ணிக்கைக்குத்தானா?

வனுவாட்டுவைப் பாருங்கள். பசிபிக்கில் சுமார் மூன்று லட்சம் மக்கள் வாழும் தீவுக்கூட்டம். 2019-இல் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் ஒரு யோசனையோடு கிளம்பினார்கள். பருவநிலை விஷயத்தில் அரசுகளின் கடமை என்ன என்று சர்வதேச நீதிமன்றத்திடமே கேட்டால் என்ன என்பது அந்த யோசனை. வனுவாட்டு அரசு அதைக் கையில் எடுத்து ஒவ்வொரு நாடாக ஆதரவு திரட்டியது. 2023 மார்ச் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை அந்தக் கேள்வியை வாக்கெடுப்பே இல்லாமல் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2025 ஜூலை 23 அன்று நீதிபதிகள் ஒருமனதாகக் கருத்துச் சொன்னார்கள்: பருவநிலையைக் காப்பது அரசுகளின் சட்டக் கடமை, அதை மீறினால் இழப்பீடு வரை போகலாம். இது ஆலோசனைக் கருத்துதான், தீர்ப்பு போலக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் இனி எந்த நாட்டு நீதிமன்றத்திலும் வழக்கறிஞர் இதை எடுத்து வைக்கலாம்.

மறுபக்கமும் உண்டு. 2023 டிசம்பர் 13, துபாய் பருவநிலை மாநாட்டின் கடைசி நாள். தலைவர் சுத்தியலைத் தட்டி முடிவை நிறைவேற்றியபோது சிறு தீவு நாடுகளின் பிரதிநிதிகள் அறையிலேயே இல்லை. வெளியே தங்களுக்குள் ஒருங்கிணைந்துகொண்டிருந்தார்கள். உள்ளே வந்த சமோவாவின் ஆன் ராஸ்முசன், நாங்கள் இல்லாதபோது தட்டிவிட்டீர்களே என்றார். அவர் பேசி முடித்ததும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. முடிவு மாறவில்லை. பெரிய நாடு நூற்றுக்கணக்கானவர்களைக் கூட்டிவரும், ஒவ்வொரு அறைக்கும் ஆள் இருக்கும். நாலைந்து பேரோடு வரும் நாடு ஒரே நேரத்தில் இரண்டு அறையில் இருக்க முடியாது. அதை நினைத்தால் எனக்கு இன்னமும் மனசு பொறுக்கவில்லை.

சண்டை போட்டுக்கொண்டிருக்கும் நாடுகளை எப்படி ஒரு மேசையில் உட்கார வைக்கிறார்கள்?

சில சமயம் ஒரே தாளில் கையெழுத்து வாங்கவே முயல்வதில்லை. 2022 ஜூலை 22 அன்று இஸ்தான்புலில், போருக்கு நடுவே உக்ரைன் தானியத்தைக் கப்பலில் அனுப்ப வழி செய்த கருங்கடல் தானிய ஏற்பாடு அப்படித்தான் வந்தது. உக்ரைன் துருக்கியோடும் ஐ.நா.வோடும் ஒரு தாளில் கையெழுத்திட்டது. ரஷ்யாவும் அவர்களோடு வேறொரு தாளில் கையெழுத்திட்டது. இருவரும் ஒருவரோடொருவர் ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை, ஆனால் கப்பல் புறப்பட்டது. ரஷ்யா 2023 ஜூலையில் விலகும் வரை சுமார் 3.3 கோடி டன் தானியமும் உணவுப்பொருளும் கடல் தாண்டின. ஓராண்டுதான் நின்றது என்று குறை சொல்பவர்கள் உண்டு. அந்த ஓராண்டில் கோதுமைக்காகக் காத்திருந்தவர்கள் பக்கம் நின்று பார்த்தால் அது சின்ன விஷயம் இல்லை.

பனிப்போர் உச்சத்தில் இருந்தபோதும் பெரியம்மையை ஒழிக்கும் திட்டத்தை 1958-இல் முன்வைத்தது சோவியத் ஒன்றியத்தின் விக்டர் ஷ்தானோவ். பின்னால் அதை உலக அளவில் நடத்தியவர் அமெரிக்கரான டி. ஏ. ஹெண்டர்சன். உறைய வைத்து உலர்த்திய தடுப்பூசியைக் கோடிக்கணக்கில் அனுப்பியது மாஸ்கோ. 1980 மே மாதம் நோய் ஒழிந்ததாக அறிவித்தார்கள்.

பணக்கார நாடுகள் தருவதாக வாக்குறுதி கொடுக்கும் பில்லியன்கள் உண்மையில் வருகின்றனவா?

தாமதமாக வருகின்றன, பெரும்பகுதி கடனாக வருகின்றன. 2009-இல் கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டில், வளரும் நாடுகளுக்கு 2020-க்குள் ஆண்டுக்கு 100 பில்லியன் டாலர் திரட்டித் தருவதாகச் சொன்னார்கள். பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி.யின் கணக்குப்படி அந்த அளவைத் தொட்டது 2022-இல். அந்த இரண்டு ஆண்டுத் தாமதம் கெடுத்த நம்பிக்கை பணத்தைவிடப் பெரிது. 2024-இல் அஜர்பைஜானின் பாகு நகரில் நடந்த பருவநிலை மாநாட்டில் 2035-க்குள் ஆண்டுக்கு 300 பில்லியன் என்று புதிய இலக்கு வைத்தபோது வளரும் நாடுகள் ஏன் அவ்வளவு கோபப்பட்டன என்பதற்கு இதுவும் ஒரு காரணம். தொகையைக் கேட்டவுடன் மூன்று கேள்வி கேட்டுப் பழகுங்கள்: மானியமா கடனா, புதுப் பணமா பழைய உதவிக்குப் புதுப் பெயரா, யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

என் மகள் கல்லூரியில் படிக்கிறாள், இந்தத் துறைக்கு வர ஆசைப்படுகிறாள். எங்கிருந்து தொடங்கட்டும்?

செய்திகளை விட்டுவிட்டு ஓர் உடன்படிக்கையை முதலிலிருந்து கடைசி வரை படிக்கச் சொல்லுங்கள். கடற்பரப்பு உடன்படிக்கை (High Seas Treaty) நல்ல தேர்வு. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலின் உயிர்களைக் காப்பது பற்றியது. ஐ.நா.வில் இருபது ஆண்டு பேச்சு. 2023 மார்ச் 4 இரவு, ஒரு நாளுக்கும் மேல் இடைவிடாமல் நடந்த கடைசி அமர்வுக்குப் பிறகு, பேச்சுக்குத் தலைமை வகித்த சிங்கப்பூரின் ரெனா லீ 'கப்பல் கரை சேர்ந்துவிட்டது' என்று அறிவித்தார். சொல்லும்போதே அவருக்குக் குரல் தழுதழுத்தது. 60 நாடுகள் ஏற்று 120 நாள் ஆனால் நடைமுறைக்கு வரும் என்பது விதி. 2025 செப்டம்பர் 19 அன்று அறுபதாவது நாடு வந்தது. 2026 ஜனவரி 17 நடைமுறை நாள்.

படிக்கும்போது முன்னுரையைத் தாண்டிவிடலாம். நிதி பற்றிய பகுதி, அறிக்கை தருவது பற்றிய பகுதி, வாக்கெடுப்பு எப்போது நடத்தலாம் என்ற பகுதி, இந்த மூன்றையும் முதலில் பார்க்கட்டும். பக்கத்தில் ஒரு பென்சில் இருக்கட்டும், வினைச்சொற்களுக்கு.