ரஃபேல் ஒன்று என்ன விலை? போர் விமானக் கேள்வி பதில்

கேள்வி: ரஃபேல் ஒன்று 700 கோடி என்கிறார் ஒருவர், 1,600 கோடி என்கிறார் இன்னொருவர். எது சரி சார்?

பதில்: இரண்டும் சரிதான், எதைச் சேர்த்து எண்ணுகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. 2016 செப்டம்பரில் இந்தியா பிரான்சுடன் 36 ரஃபேல் விமானங்களுக்குப் போட்ட ஒப்பந்தம் சுமார் 787 கோடி யூரோ. 36-ஆல் வகுத்தால் ஒன்றுக்கு 22 கோடி யூரோவை ஒட்டி வரும், ரூபாயில் 1,600 கோடி. ஆனால் மீட்டியோர், ஸ்கால்ப் ஏவுகணைகள், இந்தியா கேட்ட தனி மாற்றங்கள், உதிரிபாகங்கள், பராமரிப்பு உறுதி எல்லாம் அதற்குள் அடக்கம். வெறும் விமானத்துக்கு மட்டும் வெளிவந்த கணக்கு 340 கோடி யூரோ அளவு. அதை வகுத்தால் உங்கள் 700 கோடி வந்துவிடும்.

நம் நாட்டுத் தயாரிப்பான தேஜஸிலும் இதே கதை. 2021-ல் எம்கே1ஏ என்ற தேஜஸ் ரகத்தில் 83 விமானங்களுக்கு ஏறக்குறைய 48,000 கோடி, அதாவது ஒன்றுக்கு 578 கோடி. அதைத் தயாரிக்கும் ஹெச்ஏஎல் நிறுவனம் சொன்ன அடிப்படை விலையோ 309 கோடி. எல்லாம் சேர்ந்த இந்த 578-ஐ, வெறும் ரஃபேல் விமானத்தின் 700-உடன் ஒப்பிடுகிறவர்கள்தான் அதிகம். அது புளியையும் குழம்பையும் விலை பேசுகிற கணக்கு.

கேள்வி: அமெரிக்காவின் எஃப்-35ஏ போர் விமானம் 8 கோடி டாலர்தானாமே? அப்போது ரஃபேலைவிட மலிவா?

பதில்: அது அமெரிக்கா நூற்றுக்கணக்கில் வாங்கும் விலை, எஞ்சினும் சேர்த்து. 36 விமானங்கள் வாங்கத் திட்டமிட்ட சுவிட்சர்லாந்து விலை மாறாது என்றே நம்பியிருந்தது. 2025-ல் 65 கோடி முதல் 130 கோடி டாலர் வரை கூடுதலாக வரலாம் என்று தெரியவந்தது. வாங்கிய பிறகு பராமரிப்பு இருக்கிறது. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்-35களில் பணிக்குத் தயாராக இருந்தவை 55 விழுக்காடு அளவே என்று அந்நாட்டுத் தணிக்கை அமைப்பு சொன்னது. பழுதுபார்க்கும் பணிமனைகள் போதவில்லை, உதிரிபாகங்கள் நேரத்துக்கு வரவில்லை. கொட்டிலில் நிற்கும் குதிரைக்கும் கொள்ளு வைத்துத்தானே ஆகவேண்டும்.

கேள்வி: எஃப்-35 போல ரேடாருக்கு எளிதில் சிக்காத ஸ்டெல்த் விமானத்தில் எத்தனை ஏவுகணை கொண்டுபோகலாம்?

பதில்: எஃப்-35ஏ வயிற்றுக்குள் ஆம்ராம் என்ற வான்வழி ஏவுகணை 4. இறக்கைக்கு அடியிலும் மாட்டலாம், ஆனால் ரேடாருக்குத் தெரியாமல் போகும் பலன் குறைந்துவிடும்.

கேள்வி: ரஃபேலின் மீட்டியோர் ஏவுகணையை ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்? தூரம்தானே?

பதில்: தூரத்தைவிட, கடைசியில் மிஞ்சும் வேகம். சாதாரண ஏவுகணையின் ராக்கெட் மோட்டார் சில நொடிகளில் எரிந்து தீரும், மீதித் தூரத்தை அது சேர்த்துவைத்த வேகத்தில் ஓடித்தான் கடக்கும். இலக்கு கடைசி நேரத்தில் சட்டென்று திரும்பினால் துரத்த அதற்கு வலு இருக்காது. மீட்டியோரில் இருப்பது ராம்ஜெட் எஞ்சின். காற்றை உள்ளிழுத்து, எரிபொருளைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைத்து, இலக்கை நெருங்கும்போதும் உந்திக்கொண்டே போகும். தப்பவே முடியாத வட்டம் பெரிதாவது அதனால்தான். ஒன்று மட்டும்: எதிரி எங்கே என்று சொல்ல நல்ல ரேடாரோ, பின்னால் ஓர் அவாக்ஸோ (பெரிய ரேடார் சுமந்து பறக்கும் கண்காணிப்பு விமானம்) இல்லாவிட்டால் அத்தனையும் வீண்.

கேள்வி: தேஜஸுக்கு எட்டும் தூரம் குறைவு என்பது உண்மையா?

பதில்: உண்மை. உள்ளே சுமார் 2,450 கிலோ எரிபொருள். ரஃபேலில் 4,700 கிலோ, சுகோய்-30 எம்கேஐயில் 9,600-க்கு மேல். தூரம் போக வெளியே டிராப் டாங்க் என்ற கூடுதல் எரிபொருள் கலன் மாட்டவேண்டும், டாங்க் மாட்டிய இடத்தில் ஆயுதம் மாட்ட முடியாது. எல்லையோர வான்காவலுக்கு இது குறையே இல்லை. ஆழ ஊடுருவித் தாக்க வேறு விமானம் பாருங்கள்.

கேள்வி: அந்த வேலைக்குத்தான் தஞ்சாவூரில் சுகோயா, அண்ணா?

பதில்: கடலைப் பார்த்த வேலை அது. 2020 ஜனவரியில் அங்கே தொடங்கிய 222-வது ஸ்க்வாட்ரன் என்ற விமானப்படைப் பிரிவின் சுகோய்கள் பிரம்மோஸ் ஏவுகணை சுமப்பவை. ஏவுகணை ஒன்றே இரண்டரை டன். விமானத்தின் சட்டகத்தை வலுப்படுத்தி, வயிற்றடியில் ஒன்று மட்டும் மாட்டுகிறார்கள். எஞ்சின் இரண்டு என்பதால் செலவும் கூடும், பாதுகாப்பும் கூடும். பத்தாண்டுக்கும் முன் பேரிங் தேய்ந்து எண்ணெயில் உலோகத் துகள் கலந்து, வெவ்வேறு சுகோய்களில் எஞ்சின் நின்றது. அப்போதெல்லாம் இன்னொரு எஞ்சினின் துணையில் தரையிறங்க வழி இருந்தது. தேஜஸில் எஞ்சின் ஒன்றுதான்.