நார்த்தூளில் வளரும் சாய் சிம் கருகினால்

அக்கா, வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் தினமும் தண்ணீர் ஊற்றியும் சாய் சிம் என்ற சீனக் கீரையின் இளம் இலை ஓரம் கருகுகிறது, அடியிலை நரம்புகளுக்கு நடுவே மஞ்சளாகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் மண்ணுக்குப் பதிலாகத் தொட்டியில் போட்ட நார்த்தூள்தான் காரணம். தென்னை நாரில் பொட்டாசியமும் சோடியமும் ஒட்டியிருக்கும். அவற்றை நீரில் வெளியேவிட்டு, செடிக்குப் போகவேண்டிய கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அது பிடித்துக்கொள்ளும். வெறும் தண்ணீரில் கழுவினால் மேலோட்டமான உப்புதான் போகும். அடுத்த நார்த்தூள் கட்டியைக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து, பிறகு நன்றாக அலசுங்கள்.

இப்போதுள்ள செடிக்கு கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த நீர் உரத்தை மெலிதாகக் கலந்து ஊற்றுங்கள். நாரில் சொல்லும்படி சத்து கிடையாது. கருகிய இலை தேறாது, புதுத் துளிரைக் கவனியுங்கள். தட்டில் வடியும் நீரைத் தயவுசெய்து உடனே கொட்டிவிடுங்கள்: உப்பும் மறுபடி ஏறும், டெங்கிக் கொசுவும் முட்டையிடும்.