இலவச விபிஎன் போதுமா, காசு கட்டித்தான் வாங்க வேண்டுமா?

கேட்டவர் ஓசூரில் ஒரு விடுதியில் தங்கி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர். விடுதி வைஃபையில் பேங்க் ஆப்பைத் திறக்கப் பயமாக இருக்கிறது என்கிறார். அறை நண்பர் ப்ளே ஸ்டோரிலிருந்து ஒரு இலவச விபிஎன் (இணையப் போக்குவரத்தைப் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் ஆப்) இறக்கிக் கொடுத்திருக்கிறார். கம்பெனியில் இன்னொருவர், "ஓசியில வர்றதெல்லாம் வில்லங்கம், ரெண்டு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டிடு, மலிவா வரும்" என்கிறாராம். யார் பேச்சைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம். நண்பர் போட்டுக் கொடுத்ததை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். இரண்டு வருடப் பணத்தையும் கட்டாதீர்கள்.

தருமபுரிப் பக்கம் உள்ளூரில் இணைய இணைப்பு கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் சில வருடம் வேலை பார்த்தவன் நான். இணைப்பு கொடுப்பவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்ற பெயர் தெரியும். எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு டேட்டா இழுத்தீர்கள் என்பதும் தெரியும். உள்ளே என்ன படித்தீர்கள், என்ன தட்டினீர்கள், பாஸ்வேர்டு என்ன என்பது தெரியாது. இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் ஆப்களும் எச்டிடிபிஎஸ் என்ற பூட்டோடுதான் வருகின்றன. பேங்க் ஆப் கேட்கவே வேண்டாம். விடுதி வைஃபைக்காரருக்கும் இதே அளவுதான் தெரியும். உங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று வார்டன் பார்க்க வழியில்லை. பிரவுசரில் "இந்தத் தளத்தின் சான்றிதழ் சரியில்லை" என்று சிவப்பாக எச்சரிக்கை வந்தால் மட்டும், "பரவாயில்லை, போ" என்று அழுத்தாமல் வெளியே வந்துவிடுங்கள்.

இணைப்பு கொடுக்கும் நிறுவனங்கள் இந்த இணைப்புப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை உரிம விதியை மாற்றியது. அதற்கு முன் ஒரு வருடம்தான். அதற்காக யாரோ ஒருவர் உட்கார்ந்து உங்கள் பதிவைப் படித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். நான் இருந்த இடத்தில் ரோடு தோண்டும்போது அறுந்த ஃபைபரை ஒட்டவும், "நெட்டு வரல சார்" என்ற போனை எடுக்கவுமே நாள் போய்விடும்.

சரி, விபிஎன் என்ன செய்கிறது? உங்கள் போனிலிருந்து கிளம்பும் எல்லாவற்றையும் இன்னொரு முறை பூட்டி, விபிஎன் நிறுவனத்தின் சர்வருக்குக் கொண்டுபோகிறது. அங்கிருந்துதான் வெளியே போகிறது. நீங்கள் விபிஎன்னில் இருக்கிறீர்கள், எப்போது எவ்வளவு டேட்டா போகிறது என்பதைத் தவிர இணைப்பு கொடுப்பவருக்கு அதன் பிறகு ஒன்றும் தெரியாது. ஆனால் அதுவரை அவருக்குத் தெரிந்துகொண்டிருந்த அத்தனையும் இப்போது விபிஎன்காரருக்குத் தெரியும். இணைப்பு கொடுப்பவருக்கு உரிமம் இருக்கிறது, ஊரில் ஆபீஸ் இருக்கிறது, கோபம் வந்தால் நேரில் போய்ச் சத்தம் போடலாம். அந்த இலவச ஆப்பின் முதலாளி யார், எந்த நாடு என்று உங்கள் நண்பருக்குத் தெரியுமா? முதல்முறை ஆப்பைத் திறக்கும்போது ஆண்ட்ராய்டே ஒரு பெட்டி காட்டும். இந்த ஆப் உங்கள் இணையப் போக்குவரத்தைக் கண்காணிக்க முடியும், நம்பினால் மட்டும் அனுமதியுங்கள் என்பதுதான் அதன் சாரம். எல்லோரும் படிக்காமல் ஓகே போட்டுவிடுகிறோம்.

ஆக, இலவசமா கட்டணமா என்பதைவிட, அந்த நிறுவனம் எதை விற்றுப் பிழைக்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. சர்வருக்கு வாடகை உண்டு, பேண்ட்வித்துக்குக் காசு உண்டு. கோடிக்கணக்கான பேருக்கு யாரும் சும்மா கொடுக்க மாட்டார்கள்.

ஒனாவோ என்ற இஸ்ரேல் நிறுவனத்தை 2013இல் ஃபேஸ்புக் வாங்கியது. "உங்கள் தரவைப் பாதுகாப்போம்" என்று சொல்லி அதன் விபிஎன்னை இலவசமாகக் கொடுத்தார்கள். மக்கள் எந்தெந்த ஆப்களை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று ஃபேஸ்புக் அதன் வழியே தெரிந்துகொண்டது. போட்டியாக வளரும் ஆப்களை அடையாளம் காண அது உதவியது. ஆப்பிள் கண்டித்த பிறகு 2018இல் ஆப் ஸ்டோரிலிருந்து எடுத்தார்கள். இதை மறைத்து விளம்பரம் செய்ததற்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2023இல் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. ஃபேஸ்புக் அளவு பெரிய இடமே இப்படி என்றால் பேர் தெரியாத ஆப்பைப் பற்றி என்ன சொல்ல?

அதுகூடப் பரவாயில்லை, வெறும் வேவு. இதைவிட மோசமானது உங்கள் இணைப்பையே வாடகைக்கு விடுவது. ஹோலா என்ற இலவச விபிஎன், தன் பயனர்களின் இணைப்பை லுமினாட்டி என்ற தன் இன்னொரு வியாபாரத்தின் வழியாகக் காசுக்கு விற்றது 2015இல் வெளியே வந்தது. 2024 மே மாதத்தில் அமெரிக்க நீதித்துறை 911 எஸ்5 என்ற வலையை முடக்கியது. மாஸ்க் விபிஎன், டியூ விபிஎன், ஷைன் விபிஎன் போன்ற பெயர்களில் இலவச விபிஎன்களைக் கொடுத்து, நிறுவியவர்களின் விண்டோஸ் கம்ப்யூட்டர்களைத் திருடர்கள் தங்கள் அடையாளத்தை மறைத்துக்கொள்ளும் வழியாக மாற்றியிருந்தார்கள். கிட்டத்தட்ட 200 நாடுகளில் 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள் (ஒவ்வொரு இணைய இணைப்பையும் அடையாளம் காட்டும் எண்கள்) இதில் சிக்கியிருந்தன.

இது ஓசூரில் இருப்பவருக்கு என்ன அர்த்தம் என்றால், எவனோ எங்கிருந்தோ உங்கள் இணைப்பின் வழியாக ஒருவர் கணக்கைத் திருடுகிறான். போலீஸ் ஐபி முகவரியைக் கேட்டு விசாரிக்கிறது. நான் சொன்ன அந்த இரண்டு வருடப் பதிவு உங்கள் விடுதி வாசலைக் காட்டும். நீங்கள் செய்யவில்லை என்று கடைசியில் தெரியும்தான். அதுவரை சைபர் கிரைம் போலீஸ் நிலையத்துக்கு நடப்பது யார்?

"நாங்கள் எதையும் பதிவு செய்வதில்லை" என்ற வாசகத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். 2020 ஜூலையில், அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த யூஎஃப்ஓ விபிஎன் உட்பட ஏழு இலவச ஆப்களின் பயனர் பதிவுகள் பூட்டே இல்லாத ஒரு சர்வரில் திறந்து கிடந்தன. ஒரு டெராபைட்டுக்கும் மேல். பாஸ்வேர்டுகளும் அதில் இருந்தன. ஆஸ்திரேலியாவின் அரசு ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்களும் வேறு சிலரும் சேர்ந்து 2016இல் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் ஆப்களைச் சோதித்தார்கள். 18 சதவீதம் எதையும் பூட்டவே இல்லை. 38 சதவீதத்தில் தீம்பொருளின் அடையாளம் இருந்தது. பழைய ஆய்வுதான், ஆப்கள் மாறியிருக்கும். வியாபார முறை பெரிதாக மாறியதாக எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம், காசு கட்டினால் எல்லாம் சுத்தமா? அதுவும் இல்லை. ப்யூர்விபிஎன் கட்டணச் சேவைதான், பதிவு வைப்பதில்லை என்று விளம்பரமும் செய்தது. 2017இல் அமெரிக்காவில் ஒருவரை எஃப்பிஐ பிடித்தபோது, அவர் எங்கிருந்து இணைந்தார் என்ற விவரம் அந்த நிறுவனத்திடமிருந்தே கிடைத்தது. பிடிபட்டவர் ஒரு பெண்ணை இணையத்தில் தொடர்ந்து துன்புறுத்தியவர், அதனால் அவருக்காக நான் வருந்தவில்லை. ஆனால் சொன்னது ஒன்று, இருந்தது ஒன்று.

"சிறந்த பத்து விபிஎன்" பட்டியல்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கேப் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனத்திடம் எக்ஸ்பிரஸ் விபிஎன், சைபர்கோஸ்ட், பிரைவேட் இன்டர்நெட் ஆக்சஸ் மூன்றும் இருக்கின்றன. எக்ஸ்பிரஸை 2021இல் 93.6 கோடி டாலருக்கு வாங்கியது. அதே வருடம், விபிஎன்களுக்கு மதிப்பெண் போடும் விபிஎன்மென்டர் என்ற தளத்தை நடத்தும் நிறுவனத்தையும் வாங்கிவிட்டது. பரீட்சை எழுதுகிறவரே பேப்பர் திருத்துகிற கதை. யூடியூப் விளம்பரங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு வருடப் பிளான் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அந்த மலிவு விலை பெரும்பாலும் முதல் தவணைக்கு மட்டும்தான். புதுப்பிக்கும்போது ஏறிவிடும். பக்கத்தில் ஓடும் "இன்னும் பத்து நிமிடத்தில் சலுகை முடிகிறது" கடிகாரம் நாளைக்கும் பத்து நிமிடத்திலிருந்துதான் ஓடும். ஆட்டோபே போட்டிருந்தால், பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பு பேங்க் தகவல் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அந்த மெசேஜைப் பார்க்காமல் விட்டால் பணம் போனது போனதுதான்.

நம்பக்கூடிய இலவசமே கிடையாதா என்றால், உண்டு. கட்டண வாடிக்கையாளர்களின் காசில் ஓடும் நிறுவனம், அவர்களை இழுப்பதற்காகக் கொடுக்கும் இலவசப் பகுதி. சுவிட்சர்லாந்தின் புரோட்டான் விபிஎன் இலவசத்தில் டேட்டா அளவுக்கு வரம்பு இல்லை. ஒரு கருவியில் மட்டும்தான் ஓடும், எந்த நாட்டு சர்வர் என்று தேர்ந்தெடுக்க விடாது, வேகம் சுமார். ஆப்பின் மூல நிரலை வெளியிட்டிருக்கிறார்கள், வெளியாட்களை வைத்துத் தணிக்கையும் செய்கிறார்கள். கனடாவின் விண்ட்ஸ்கிரைப், மின்னஞ்சல் கொடுத்து உறுதிசெய்தால் மாதம் 10 ஜிபி தருகிறது. ரயில்வே ஸ்டேஷன் வைஃபை, லாட்ஜ் வைஃபை என்று எப்போதாவது தேவைப்படுகிறவருக்கு இது தாராளம்.

கட்டணம் என்றால் என் தேர்வு ஸ்வீடனின் முல்வாட் விபிஎன். மாதம் 5 யூரோ, நம் காசில் ஏறக்குறைய 500 ரூபாய். ஒரு மாதம் கட்டினாலும் அதே விலை, வருடக்கணக்கில் கட்டினாலும் அதே விலை. பெயர், மின்னஞ்சல் எதுவும் கேட்பதில்லை, ஒரு கணக்கு எண் மட்டும்தான். 2023 ஏப்ரலில் ஸ்வீடன் போலீஸ் சோதனை உத்தரவோடு அவர்கள் ஆபீசுக்கு வந்தது. வைத்திருந்தால்தானே எடுப்பதற்கு? வெறும் கையோடு திரும்பிப் போனார்கள். இப்படிச் சோதனையில் தேறியதைத்தான் நான் சான்றாக எடுத்துக்கொள்வேன்.

யார் காசு கட்ட வேண்டும்? செய்தியாளர், வழக்கு வம்புகளில் இருப்பவர், தன் இணைப்பைக் கையில் வைத்திருக்கும் ஆளையே நம்ப முடியாத நிலையில் இருப்பவர், அடிக்கடி வெளிநாடு போகிறவர். ஓசூரில் வீட்டிலிருந்தபடியே பெங்களூரு கம்பெனிக்கு வேலை செய்பவர்கள் ஒரு விபிஎன் போட்டிருப்பார்களே, அது இந்தக் கணக்கில் வராது. அது ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் நுழையும் வழி. அதில் சொந்த விஷயம் பார்த்தால் ஆபீஸுக்குத் தெரியலாம்.

உங்களுக்கு இப்போதைக்கு விபிஎன்னே அவசியமில்லை என்பது என் கருத்து. போகும் தளத்தின் பெயர்கூட வைஃபைக்காரருக்கு எளிதில் தெரியக்கூடாது என்றால், ஆண்ட்ராய்டு 9 முதல் எல்லாப் போன்களிலும் நெட்வொர்க் அமைப்புகளில் பிரைவேட் டிஎன்எஸ் என்று ஒன்று இருக்கிறது. ஒரு தளத்தைத் திறக்கும் முன் அதன் பெயரைச் சொல்லி முகவரி கேட்கிறதே போன், அந்தக் கேள்வியைப் பூட்டி அனுப்பும் வசதி அது. அதில் இந்தச் சேவையைத் தரும் கிளவுட்ஃப்ளேர் அல்லது குவாட் நைன் கொடுக்கும் முகவரியைப் போட்டுவிடுங்கள். காசில்லை. முழுசாக மறைக்காது, ஆனால் பெயர் கேட்கும் முதல் படியைப் பூட்டிவிடும். பேங்க் வேலைக்கு மனசு கேட்கவில்லை என்றால் வைஃபையை அணைத்துவிட்டு சொந்த சிம் டேட்டாவில் செய்யுங்கள். அவ்வளவு போதும்.

விபிஎன் போட்டிருந்தாலும் கூகுளில் லாகின் செய்திருக்கும் வரை கூகுளுக்கு நீங்கள் யார் என்று தெரியும். காண்டாக்ட் பட்டியலை அள்ளும் கடன் ஆப்பையோ, டெலிகிராமில் வரும் "லைக் போட்டால் காசு" ஆட்களையோ அது தடுக்காது. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் போடுங்கள்.

எந்த விபிஎன்னை வைத்துக்கொண்டாலும், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், பேங்க், யுபிஐ எல்லாவற்றுக்கும் அதை அணைத்துவிடுங்கள். விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்டதும், எக்ஸ்பிரஸ், நார்ட், சர்ஃப்ஷார்க், புரோட்டான் எல்லாம் இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. எக்ஸ்பிரஸில் "இந்தியா" என்று காட்டும் சர்வர் இருப்பது சிங்கப்பூரிலோ பிரிட்டனிலோ. அரசுத் தளங்கள் பலவும் வெளிநாட்டிலிருந்து வருவதாக நினைத்துத் திறக்க மறுக்கும். கடைசி நாளில் விண்ணப்பம் போடும்போது அது தெரிந்தால் கஷ்டம்.