கண்ட்ரோலருக்குள் சத்தம் கிடையாது: வீட்டுப் பதிவு பற்றிச் சில கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் கோயில்களுக்கு இருபது வருடம் சவுண்ட் சிஸ்டம் போட்டவன் நான். இப்போது வீட்டுப் பின்னறையில் சின்னதாக ஒரு பதிவு அறை வைத்திருக்கிறேன். தீபாவளிக்குள் பாட்டு வெளியிடத் துடிக்கும் தம்பிகள் முதல் தேவாரம் பாடும் அக்கா வரை வருகிறவர்கள் கேட்பது சுற்றிச் சுற்றி ஒரே விஷயம்தான்: மிக்சர் வாங்கலாமா, கண்ட்ரோலர் வாங்கலாமா? அண்மையில் வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தருகிறேன்.

எல்பில் தோட்டப் பக்கத்துத் தம்பி: அண்ணே, அனலாக் மிக்சரும் மோட்டார் ஃபேடர் (சத்தத்தை ஏற்றி இறக்க இழுக்கும் பிடி) வைத்த கண்ட்ரோலரும் பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கு? நான் தனியாகப் பாடி, பீட் மேல் ஏற்றுகிறவன். எதை வாங்க?

முகம் ஒன்று, வேலை வேறு தம்பி. மிக்சருக்குள் சத்தம் ஓடுகிறது. மைக்கிலிருந்து வரும் மெல்லிய மின்சாரம் ப்ரீஆம்பில் பெருகி, கனத்தையும் கீச்சையும் திருத்தும் ஈக்யூவைத் தாண்டி, ஃபேடர் வழியாக வெளியே வருகிறது. கண்ட்ரோலருக்குள் ஒரு சொட்டுச் சத்தம்கூடக் கிடையாது. ஃபேடரை இறக்கினால், 'மூன்றாம் தடத்தைக் குறை' என்ற கட்டளை மட்டும் யூஎஸ்பி வழியாகக் கணினிக்குப் போகும். உங்கள் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள்: பால்மரக் காட்டில் கங்காணி கையில் பால் வாளி இருக்காது, ஆனால் அவர் குரலுக்குத்தான் வேலை நடக்கும். கண்ட்ரோலர் அந்தக் கங்காணி.

அதனால் எது நல்லது என்று கேட்பதற்கு முன்னால், ஒரே நேரத்தில் எத்தனை மைக் திறந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உங்களுக்கு ஒன்று. அப்படியானால் இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். மைக் சத்தத்தைக் கணினிக்குள் கொண்டுபோகும் பெட்டிதான் ஆடியோ இண்டர்ஃபேஸ்; இரண்டு மைக் செருகும் ஒன்று, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மாதிரி, போதும். மிச்சக் காசை மைக்குக்கும் ஹெட்போனுக்கும் போடுங்கள்.

அதே தம்பி: அப்போ கண்ட்ரோலரில் மைக் செருக முடியாதா?

பெரும்பாலானவற்றில் செருக ஓட்டையே இருக்காது. பின்னால் யூஎஸ்பியும் மின்சார வாயும்தான். இது தெரியாமல் வாங்கிவிட்டு, பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்கள் என் வீட்டு வாசலுக்கே வந்திருக்கிறார்கள். கண்ட்ரோலர் என்றால் இண்டர்ஃபேஸ் தனிச் செலவு. இரண்டையும் சேர்த்து விலை போட்ட பிறகு மிக்சரோடு ஒப்பிடுங்கள்.

உருமி மேளக் குழுவிலிருந்து: நாங்கள் ஏழு பேர். தனித்தனியாக வாசித்தால் அந்தச் சூடு வராது, சேர்ந்துதான் வாசிப்போம். யூஎஸ்பி உள்ள மிக்சர் வாங்கினால் கணினியில் நேராகப் பதியலாம் என்று கடையில் சொன்னார்கள். உண்மையா?

உண்மைதான், ஆனால் அரை உண்மை. இதில் நானே ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு குழுவை இதே அறையில் பதிந்தேன். மிக்சரில் எட்டு மைக், பின்னால் யூஎஸ்பி. வாசிப்பு பிரமாதம். இரவு கணினியைத் திறந்தால் இரண்டே தடம், இடது ஒன்று வலது ஒன்று. எட்டு மைக்கும் அதற்குள் கரைந்து கிடக்கின்றன. பாடகர் குரல் தவிலுக்கு அடியில் போய்விட்டது. குரலை மட்டும் தூக்க வழியில்லை. குழம்பில் கரைந்த உப்பைத் திரும்ப எடுக்க முடியுமா? மறுபடி அழைத்தேன், வந்தார்கள், ஆனால் அந்த இரவின் வாசிப்பு வரவில்லை.

குறை பெட்டியில் இல்லை. யூஎஸ்பி வைத்த சின்ன மிக்சர்கள் பலவும் அப்படித்தான்: உள்ளே எத்தனை மைக் போனாலும் கணினிக்குப் போவது கலந்து முடித்த ஸ்டீரியோ மட்டும். யமஹா எம்ஜி10எக்ஸ்யூ நல்ல மிக்சர், மேடைக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் அதன் யூஎஸ்பி இரண்டு உள்ளே, இரண்டு வெளியே, அவ்வளவுதான். கடையில் கேட்க வேண்டிய கேள்வி, "யூஎஸ்பி இருக்கா?" என்பதில்லை, "ஒரே நேரத்தில் எத்தனை தடம் தனித்தனியாகக் கணினிக்குப் போகும்?" என்பது.

உங்களுக்கு அந்த எண்ணிக்கை குறைந்தது எட்டு இருக்க வேண்டும். அதற்கு மூன்று வழி. சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே மாதிரி பல தடங்களைத் தனித்தனியாக அனுப்பும் அனலாக் மிக்சர் ஒன்று. டாஸ்கம் மாடல் 12 போல, மிக்சர் முகத்தோடு எஸ்டி கார்டில் தானே பதிந்து, பிறகு மென்பொருளுக்குக் கண்ட்ரோலராகவும் நிற்கும் கலப்பினம் இன்னொன்று. எட்டு ப்ரீஆம்ப் உள்ள இண்டர்ஃபேஸ் மூன்றாவது. ஸ்கார்லெட் 18ஐ20, பெரிங்கர் யூஎம்சி1820 எல்லாம் அந்த வகை. திருவிழா மேடைக்கும் அதையே தூக்கிக்கொண்டு போவீர்கள் என்றால் முதல் இரண்டில் ஒன்று. பதிவுக்கு மட்டும் என்றால் மூன்றாவது. என் ஓட்டு உங்கள் குழுவுக்கு இரண்டாவது வழி. கணினி நடுவில் உறைந்து போனாலும் கார்டில் பாட்டு இருக்கும்.

இன்னொன்றும் கேளுங்கள். உருமிக்கு இரண்டு முகம்: ஒன்றை வளைந்த குச்சியால் தேய்க்கிறீர்கள், மற்றதை அடிக்கிறீர்கள். தேய்க்கும் முகத்தின் முனகல் அடியைவிட மிக மெல்லியது. இரண்டுக்கும் தனி மைக், தனித் தடம் வையுங்கள். எதிரெதிரே பார்க்கும் இரண்டு மைக்குகள் ஒன்றின் அடித்தொனியை ஒன்று தின்றுவிடலாம். மென்பொருளில் ஒரு தடத்தின் பொலாரிட்டியை, அதாவது ஒலி அலையின் மேல் கீழை, திருப்பிக் கேளுங்கள். எதில் வயிறு நிறைந்து கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். பாடகரை மட்டும் அடுத்த அறைக்கு அனுப்பி, கதவைச் சாத்தி, ஹெட்போன் கொடுங்கள். தவில் அவர் மைக்கில் புகாமல் இருந்தாலே பாதி மிக்சிங் முடிந்த மாதிரி.

தேவாரம் பாடும் அக்கா: இண்டர்ஃபேஸ் வாங்கிவிட்டேன் தம்பி. பாடும்போது என் குரல் ஹெட்போனில் கொஞ்சம் பிந்தி வருகிறது. மிக்சர் வாங்கினால் சரியாகுமா?

சரியாகும் அக்கா, ஆனால் அதற்காக வாங்க வேண்டாம். குரல் கணினிக்குள் போய்த் திரும்பி வர நேரம் எடுக்கிறது. மென்பொருளில் பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் சத்தத் துண்டு) 256 சாம்பிள், வேகம் நொடிக்கு 48,000 சாம்பிள் என்று வைத்தால் ஒரு வழிக்கே ஐந்து மில்லி செகண்டுக்கு மேல். போய் வர இரட்டிப்பு, அதற்கு மேலும் கொஞ்சம். பத்து மில்லி செகண்ட் என்பது ஒலிபெருக்கியிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நிற்பது போல. தாளக்காரருக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் பாடுகிறவருக்குத் தன் குரல் தலைக்குள்ளும் கேட்கிறதே, அதனால் உறுத்தும்.

இண்டர்ஃபேஸ் முகப்பில் 'டைரக்ட் மானிட்டர்' என்று ஒரு பொத்தானோ திருகோ இருக்கும். அதைப் போடுங்கள். குரல் கணினிக்குப் போகாமல் நேராகக் காதுக்கு வரும். கூடவே மென்பொருளில் அந்தத் தடத்தின் மானிட்டர் பொத்தானை (பாடும் குரலைத் திருப்பி அனுப்புவது) அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு அக்கா பாடுவார்கள்.

ஓய்வு பெற்ற ஐயா ஒருவர்: அனலாக்கில் சத்தம் 'சூடாக' இருக்கும், டிஜிட்டல் 'குளிர்' என்கிறார்களே?

பெரிய ஸ்டூடியோக்களின் பழைய கன்சோல்களில், அதாவது பெரிய மிக்சர்களில், இருந்த டிரான்ஸ்ஃபார்மர்களும் அந்தச் சர்க்யூட்டுகளும் சத்தத்துக்கு ஒரு நிறம் கொடுத்தது உண்மை ஐயா. நம் கைக்கு எட்டும் விலையில் இருக்கிற சின்ன மிக்சருக்குள் அதெல்லாம் இல்லை. அதன் ப்ரீஆம்பும் இண்டர்ஃபேஸின் ப்ரீஆம்பும் கிட்டத்தட்ட ஒன்றுவிட்ட சகோதரர்கள். இந்த விலைப் பேச்சில் 'சூடு' என்பது விற்கிறவர் வார்த்தை என்பதே என் முடிவு.

கேசட் காலத்துப் பழக்கத்தில் சிலர் சிவப்பு விளக்கு எரியும்வரை கெயினை (மைக் சத்தத்தைப் பெருக்கும் திருகை) ஏற்றுகிறார்கள். டேப்பில் அது கொஞ்சம் இனிக்கும், கணினியில் கிழிந்துவிடும். 24 பிட்டில் பதிந்தால் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம், அதாவது கிழியும் எல்லையான பூஜ்யத்துக்கு 12 கீழே, நின்றாலே தாராளம்.

டவன்பி தோட்டப் பக்கத்திலிருந்து ஒருவர்: மண்டபத்தில் பழைய 24 சேனல் கன்சோல் ஒன்றை மலிவாகக் கொடுக்கிறார்கள். எடுத்துப் போடலாமா?

முதலில் உங்கள் வீட்டுக் கதவை அளந்துவிட்டு வாருங்கள். நானும் ஒன்று வாங்கினேன். லோரியில் கொண்டுவந்து இறக்கியபின் வாசலில் நுழையவில்லை. ஜன்னல் சட்டத்தைக் கழற்றி நான்கு பேர் தூக்கி உள்ளே விட்டோம். பக்கத்து வீட்டுக்காரர் சவப்பெட்டியோ என்று பதறி வந்துவிட்டார்.

அது போகட்டும். நம் ஊர் ஈரத்தில் வருடக்கணக்கில் கிடந்த கன்சோலில் திருகுகளும் ஃபேடர்களும் கரகரக்கும். அதற்கென்றே உள்ள காண்டாக்ட் கிளீனர் அடித்தால் சிலது பிழைக்கும். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெயை அடித்து விடாதீர்கள். பவர் சப்ளையில் உள்ள கெப்பாசிட்டர்கள் வயதாகி உப்பியிருக்கலாம், அதை மாற்ற ஆள் வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும், 24 சேனலையும் கணினிக்குள் தனித்தனியாகக் கொண்டுபோக 24 உள்வழி உள்ள இண்டர்ஃபேஸும் அத்தனை வயரும் வேண்டும். மலிவு என்று ஆரம்பித்தது அங்கேதான் முடிந்துபோகும்.

ஃபயர்வயர் வாய் வைத்த மிக்சர் என்றால் இன்னும் யோசியுங்கள். இப்போதைய மடிக்கணினியில் அதைச் செருக இடமே கிடையாது.

அனலாக் மிக்சருக்கு மறதியும் ஒரு பிரச்சனை. பாட்டைப் பாதி மிக்ஸ் செய்து வைத்துவிட்டு அடுத்த ஆள் பாட்டை எடுத்தால், முதல் பாட்டின் திருகுகள் எல்லாம் போச்சு. நான் கைப்பேசியில் படம் எடுத்து வைத்து, ஒவ்வொன்றாகத் திருப்பி வைப்பேன், அப்போதும் பழையது மாதிரி வராது. கணினியில் மிக்ஸ் செய்தால் சேமித்த இடத்திலேயே நிற்கும். மோட்டார் உள்ள கண்ட்ரோலர் என்றால், பாட்டைத் திறந்தவுடன் ஃபேடர்கள் தானாக ஓடி அந்தந்த இடத்தில் போய் நிற்கும். முதல் தடவை பார்த்த என் பேத்தி பேய் என்று ஓடினாள்.

கீபோர்டு வாசிக்கும் தங்கை: சரி, கண்ட்ரோலர்தான் என்று முடிவு செய்துவிட்டேன். எது?

மோட்டார் இல்லாத கோர்க் நானோகண்ட்ரோல் 2 மலிவு, பைக்குள் போகும். எட்டு ஃபேடர், எட்டுத் திருகு. குறை என்னவென்றால், திரையில் உள்ள அளவும் கையில் உள்ள ஃபேடரும் வேறு வேறு இடத்தில் நிற்கும். தொட்டதும் சத்தம் குதிக்கும். மோட்டார் உள்ளதில் அந்தத் தொல்லை இல்லை. எட்டுத் தடங்களை ஒரே நேரத்தில் ஆட்டுகிறவர்களுக்கு பெரிங்கர் எக்ஸ்-டச். ஆனால் வீட்டில் மிக்ஸ் செய்யும்போது உங்கள் கை பெரும்பாலும் ஒரு தடத்தில்தான் இருக்கும். குரலை வரிக்கு வரி ஏற்றி இறக்க, ஒற்றை ஃபேடர் உள்ள பிரிசோனஸ் ஃபேடர்போர்ட் போதும் என்பேன்.

வாங்குமுன் உங்கள் மென்பொருள் 'மேக்கி கண்ட்ரோல்' முறையை (கண்ட்ரோலரும் மென்பொருளும் பேசிக்கொள்ளும் மொழி) புரிந்துகொள்ளுமா என்று பாருங்கள். கியூபேஸ், லாஜிக், ரீப்பர் எல்லாம் புரிந்துகொள்ளும். அப்புறம், உங்கள் கீபோர்டிலேயே ஸ்லைடர் இருந்தால் மிடி (கீபோர்டு கணினிக்குக் கட்டளை அனுப்பும் முறை) வழியாக அதை முதலில் கட்டிப் பாருங்கள். காசு மிச்சம்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: பிள்ளைகளின் கதைகளைப் பதிந்து வைக்க மிக்சர் தேவையா?

தேவையில்லை டீச்சர். ஒரு யூஎஸ்பி மைக், மின்விசிறியை நிறுத்திய வகுப்பறை, காலை நேரம். மாலையில் தகரக் கூரைமேல் மழை இறங்கினால் எந்த மிக்சராலும் அதைக் குறைக்க முடியாது.

இன்னொரு தம்பி: மிக்சரையும் மடிக்கணினியையும் இணைத்தால் 'ம்ம்ம்' என்று இரைகிறது அண்ணே.

மடிக்கணினி சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான்: இரண்டு வழியாக எர்த் ஓடி வட்டம் போடுகிறது, நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் அதில் பாடுகிறது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகுங்கள். இரண்டு பக்கமும் பேலன்ஸ்டு வாய் (வழியில் புகும் இரைச்சலைக் கழித்துவிடும் மூன்று கம்பி இணைப்பு) இருந்தால் பேலன்ஸ்டு வயர் போடுங்கள். அப்படியும் விடவில்லை என்றால் நடுவில் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பெட்டி. பிளக்கின் எர்த் காலை மட்டும் உடைக்காதீர்கள். இரைச்சல் நிற்கும், ஒரு நாள் மைக்கைப் பிடித்தவரும் நிற்கமாட்டார்.

இடி மின்னல் தொடங்கினால் அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். கண்டென்சர் மைக்கைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள்; ஈரம் ஏறிய மைக் எண்ணெய்ச் சட்டி மாதிரி பொரியும்.

கடைசியாக ஒருவர்: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்கள். உங்கள் அறையில் என்னதான் இருக்கிறது?

எட்டு ப்ரீஆம்ப் உள்ள இண்டர்ஃபேஸ், ஒற்றை ஃபேடர் கண்ட்ரோலர், அதோடு பழைய ஆறு சேனல் மிக்சர் ஒன்று. அந்த மிக்சர் பதிவுக்கு இல்லை. பாடகரின் ஹெட்போனுக்கு மட்டும். இண்டர்ஃபேஸிலிருந்து இசையும் குரலும் தனித்தனியாக அதற்குப் போகும். "குரல் பத்தலண்ணே, தாளம் தூக்கலா இருக்கு" என்று அவர் கத்தாமல் தானே திருகிக்கொள்ளலாம். ஜன்னலைக் கழற்றி ஏற்றிய கன்சோல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. வெளியே எடுக்க மறுபடி ஜன்னலைக் கழற்ற வேண்டும்.