பந்தியில் ஊசி

வணக்கம் சார்,

உங்களுக்கும் டைப் 1 சர்க்கரை என்று ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். எனக்கு 24 வயது. 19 வயதில் வந்தது. கோவையில் ஐடி வேலை. தினமும் நாலு இன்சுலின் ஊசி. மதிய ஊசியை ஆபீஸ் டாய்லெட்டில் போய்த்தான் போட்டுக்கொள்கிறேன். போன மாதம் சித்தி மகள் கல்யாணத்துக்கு முதல்நாள், சர்க்கரை அளவைக் காட்ட கையில் ஒட்டியிருந்த சென்சாரைப் பிய்த்து எடுத்துவிட்டேன். இன்னும் ஒன்பது நாள் ஓடியிருக்கும். ஜாக்கெட் கைக்குக் கீழே தெரிகிறது, நாலு பேர் கேட்பார்கள் என்றார் அம்மா. எனக்கும் சரி என்றுதான் பட்டது. "இந்த வயசுலயே சுகரா?" என்று யாராவது கேட்டால் அப்படியே கூசிப்போகிறேன். இந்தக் கூச்சம் எப்போது போகும்? உங்களுக்குப் போய்விட்டதா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

போகவில்லை. 27 வருடமாகக் குத்திக்கொள்கிறேன். ரயிலில் எதிர் சீட்டில் குழந்தை இருந்தால் இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளத்தான் செய்கிறேன். கூச்சம் அது பாட்டுக்கு இருக்கட்டும். ஊசி நேரத்துக்கு விழுகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்கிறேன். முன்பு அப்படி இல்லை.

எனக்கு 20 வயது இருக்கும்போது மாமா பெண்ணின் கல்யாணம். அப்போது நான் போட்டுக்கொண்டிருந்தது பழைய வகை இன்சுலின். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். கல்யாண வீட்டில் எப்போது சாப்பிடுவோம் என்று யாருக்குத் தெரியும்? முதல் பந்திக்கு இலை போடுகிறார்கள் என்றதும் மண்டபத்து பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, அழுக்கு பல்ப் வெளிச்சத்தில் சிரிஞ்சில் ஏற்றிக் குத்திக்கொண்டேன். வெளியே வந்தால் மாப்பிள்ளை வீட்டார் மொத்தமாக உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க, வழக்கம்போல, சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். எனக்கு வாய்த்தவர் ஒரு பெரியவர். அவசரமே இல்லாதவர். ரசம், மறுபடி ரசம், மோர்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஊசி போட்டும் சாப்பிடாததால் சர்க்கரை இறங்க ஆரம்பித்தது. முதலில் முதுகு வேர்த்தது. அப்புறம் உதடு மரத்தது. நாற்காலியைப் பிடித்திருந்த கை ஆடுவது தெரிந்தது. உங்களுக்குத் தெரியாததா. அந்த நேரத்தில் மரியாதை, வெட்கம் எதுவும் மூளையில் நிற்காது. பெரியவர் கடைசியாக வைத்திருந்த பாயச டம்ளரை அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி எடுத்து, அங்கேயே நின்று குடித்துவிட்டேன்.

அந்த வரிசையே சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. "எனக்கு சுகர், லோ ஆகிவிட்டது" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். சொல்லவில்லை. நோயாளி என்று தெரிவதைவிடச் சோத்துக்கு அலைகிறவன் என்ற பேர் தேவலை என்று இருந்துவிட்டேன். அந்தப் பேர் பத்துப் பன்னிரண்டு வருடம் கூடவே வந்தது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் "தம்பிக்கு முதல்ல பாயசம் குடுங்கப்பா, பிடுங்கிரப் போறான்" என்று ஒரு குரல் வரும்.

உங்கள் சென்சார் விஷயத்தைப் படித்ததும் இதுதான் ஞாபகம் வந்தது. சர்க்கரை இறங்கினால் சத்தம் போட்டு எழுப்புகிற ஒரே காவல்காரனை, நேரம் தவறிச் சாப்பிடப் போகிற நாளில் வேலையை விட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அம்மாவைக் குறை சொல்லவில்லை. அவர் பயந்தது சென்சாருக்கு அல்ல, வரன் தட்டிப்போகுமே என்றுதான். இதில் என் கருத்து கொஞ்சம் கறார்: பேச்சு ஆரம்பிக்கும்போதே சொல்லிவிடுங்கள். கேட்டுவிட்டுப் பின்வாங்குகிறவர்கள் அப்போதே போகட்டும். மறைத்துக் கட்டிக்கொண்டு மாமியார் வீட்டு பாத்ரூமில் நாலு வேளையும் ஊசி போடுவதை நினைத்துப் பாருங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருக்கிற டைப் 1 பெண்கள் நல்லபடியாகப் பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள். அந்தச் சந்தேகம் வந்தால் உங்கள் டாக்டரையே அவர்களிடம் பேசச் சொல்லலாம்.

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்பதில்லை. ஆனால் பக்கத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டனில் பிரதமராக இருந்த தெரசா மே டைப் 1 காரர். 2012இல், 56 வயதில் தெரியவந்தது. அந்த வயதில் டைப் 1 வராது என்று முதலில், வழக்கமாக நடுவயதில் வருகிற டைப் 2 சர்க்கரைக்கான மருந்து கொடுத்தார்கள். (உங்களுக்கு "இந்த வயசுலயேவா", அவருக்கு "இந்த வயசுலயாவா".) ஒருநாள் நாடாளுமன்றத்தில் எழுந்து போக முடியாமல் மணிக்கணக்காக உட்கார வேண்டிவந்தபோது, கைப்பையில் வைத்திருந்த பருப்புகளைச் சாப்பிட்டுச் சமாளித்தாராம். அவையில் சாப்பிடக் கூடாது. சபாநாயகர் கண்ணில் படாமல் இருக்க, சக உறுப்பினர் ஒருவர் அவ்வப்போது முன்னால் சாய்ந்து மறைத்துக்கொண்டிருக்கிறார். பின்னாளில் கையில்லாத உடையில், மேற்கையில் சென்சார் தெரியத்தான் விருந்துகளுக்குப் போனார். எனக்கு அந்தப் படங்களைவிட, முன்னால் சாய்ந்த அந்த ஆளைத்தான் பிடிக்கும். உங்கள் ஆபீசில் அப்படி ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். வேர்த்துக் குழறினால் குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ 15 கிராம் கணக்கில் கொடுக்க வேண்டும், கால் மணி நேரம் கழித்து மறுபடி டெஸ்ட் பண்ண வேண்டும், மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லி வையுங்கள்.

டாய்லெட்டை விட்டுவிடுங்கள். ஃப்ளஷ் டேங்க் மேல் இன்சுலின் பேனாவை வைத்துக்கொண்டு, அரை வெளிச்சத்தில் 6 யூனிட்டா 8 யூனிட்டா என்று பார்க்கிற இடமா அது? இப்போதைய ஊசி நாலு மில்லிமீட்டர்தான். குத்தி, பத்து எண்ணி, எடுத்துவிடலாம். கண்ணாடி துடைக்கிற நேரம்கூட ஆகாது. முதல் வாரம் பார்ப்பார்கள். "ஸ்வீட் நிறைய சாப்பிடுவியா?" என்று ஒருவராவது கேட்பார். கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிட்டது, லட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று விருப்பம் இருந்தால் விளக்குங்கள். இல்லையென்றால் "இது வேற சுகர்ங்க" போதும். எல்லோருக்கும் பாடம் எடுக்கிற கடமையெல்லாம் நமக்கு இல்லை.

போன தை மாதம் அதே மாமா வீட்டில் பேத்திக்குக் கல்யாணம். இப்போதைய இன்சுலினுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும் என்பதால் இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும் சட்டையைக் கொஞ்சம் தூக்கிப் போட்டுக்கொண்டேன். காது கொஞ்சம் சூடானது உண்மை. பக்கத்து இலைக்காரர் எட்டிப் பார்த்து, "எத்தனை யூனிட்?" என்றார். எட்டு என்றேன். "எனக்கு மாத்திரைதான், காலையில ரெண்டு, ராத்திரி ஒண்ணு" என்று ஆரம்பித்துவிட்டார். சாம்பார் வாளியோடு நின்ற பையன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஊத்தலாமா வேண்டாமா?" என்றான்.