செயலி வளர்ந்தால் வங்கி தேயுமா?

ஐயா, வணக்கம்.

திருச்சியில் வணிகவியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறேன். 'நிதித் தொழில்நுட்ப நிறுவனங்களால் வங்கிகளுக்கு ஏற்படும் பாதிப்பு' என்பது தலைப்பு. 300 வாடிக்கையாளர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து ஐந்து நிலை அளவுகோலில் ('முற்றிலும் ஏற்கிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை) பதில் வாங்கச் சொல்கிறார் நெறியாளர். செயலிகள் வங்கிகளை விழுங்கிவிடும் என்ற பயம் மிகையானது என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள்? நான் எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கேள்வித்தாளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 'செயலி வசதியாக இருக்கிறது' என்ற வரிக்கு எதிரே 300 பேரிடம் டிக் வாங்கினால், செயலி வசதியாக இருக்கிறது என்று தெரியவரும். இதற்கு மூன்று வருடம் வேண்டாம், டீக்கடையில் பத்து நிமிடம் நின்றால் போதும். வாடிக்கையாளருக்குப் பிடித்திருக்கிறது என்பதிலிருந்து வங்கிக்கு என்ன ஆனது என்பதற்குப் போக அந்தத் தாளில் வழியே இல்லை.

நான் அப்படி எழுதியதற்கு முக்கியக் காரணம் ஒரு கட்டுரை. பொருளியலாளர் அமித் சேரு உள்ளிட்ட நால்வர் 2018இல் 'ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஷியல் எகனாமிக்ஸ்' இதழில் வெளியிட்டது. அமெரிக்க வீட்டுக்கடன் சந்தையைப் பற்றியது. டெபாசிட் வாங்காத, வங்கி அல்லாத நிறுவனங்களின் பங்கு அங்கே 2007 முதல் 2015 வரையில் கிட்டத்தட்ட இரு மடங்கானது. கைப்பேசியிலேயே கடன் கிடைக்கிறது, அதனால்தான் என்று சொல்லிவிடலாம். இவர்கள் தொழில்நுட்பத்தால் வந்தது எவ்வளவு, விதிகளால் வந்தது எவ்வளவு என்று பிரித்துக் கணக்குப் போட்டார்கள். வளர்ச்சியில் சுமார் 60 சதவீதத்துக்குக் காரணம், 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு வங்கிகள் மேல் இறுகிய விதிகள். தொழில்நுட்பத்தின் பங்கு 30 சதவீதம் போல. எந்தெந்தப் பகுதிகளில் வங்கிகளுக்கு மூலதன நெருக்கடியும் வழக்குகளும் அதிகமோ, அங்கேதான் மற்றவர்கள் அதிகம் நுழைந்திருந்தார்கள். வங்கி விலகிய இடத்தில் இவர்கள் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் அதில் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. தொழில்நுட்ப நிறுவனங்கள் வட்டியைக் குறைத்து ஆள் பிடித்தன என்றுதான் நாம் நினைப்போம். உண்மையில் 0.14 முதல் 0.16 சதவீதப் புள்ளி வரை கூடுதலாக வாங்கின. மக்கள் அலைச்சல் மிச்சம் என்று கொடுத்தார்கள். 2019இல் ஆண்ட்ரியாஸ் ஃபஸ்டர் குழு செய்த ஆய்வும் இதோடு ஒத்துப்போகிறது: விண்ணப்பங்கள் சுமார் 20 சதவீதம் வேகமாக முடிந்தன, வாராக்கடன் கூடவில்லை. ஆனால் கடனே கிடைக்காதவர்களை இந்த நிறுவனங்கள் தேடிப்போயின என்பதற்குச் சான்று இல்லை. 'அனைவருக்கும் நிதிச் சேவை' என்று மேடைகளில் பேசுகிறவர்கள் படிக்க வேண்டிய இடம் இது.

அப்புறம், டோபியாஸ் பெர்க், மஞ்சு பூரி முதலானோரின் 2020 கட்டுரை. ஒரு ஜெர்மன் இணையக் கடையில் பிறகு பணம் தருவதாகச் சொல்லிப் பொருள் வாங்கியவர்கள் எந்தக் கருவியிலிருந்து வந்தார்கள், எந்நேரம் வாங்கினார்கள், மின்னஞ்சலில் சொந்தப் பெயர் இருந்ததா என்று பார்த்தார்கள். (என் முதல் மின்னஞ்சல் முகவரியில் பெயருக்குப் பதிலாக ஒரு கிரிக்கெட் வீரரின் பட்டப்பெயர்தான் இருந்தது. எனக்குக் கடன் கிடைத்திருக்காது.) இந்தத் தடயங்கள், நம் ஊர் சிபில் மாதிரியான கடன் தகவல் நிறுவனத்தின் மதிப்பெண்ணுக்குச் சளைக்காமல் யார் கட்டமாட்டார்கள் என்று காட்டின. ஆனால் இரண்டையும் சேர்த்தபோதுதான் கணிப்பு இன்னும் நன்றாக வந்தது. பழையதை அது தூக்கியெறியவில்லை.

சரி, நம் ஊர். 2016இல் வந்த யூபிஐ மட்டும் வைத்து ஆய்வு செய்யாதீர்கள். அங்கே பணம் பெரும்பாலும் ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொரு வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது, செயலி வெறும் வாசல். சண்டை இருப்பது கடனில். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு விதி கொண்டுவந்தது: கடன் தருகிற வங்கியிடமிருந்து அல்லது நிதி நிறுவனத்திடமிருந்து பணம் நேராக வாங்குபவர் கணக்குக்குப் போக வேண்டும், நடுவில் செயலிக்காரரின் கணக்கு வரக்கூடாது. 2023 ஜூனில் அடுத்தது: கடன் திரும்பாவிட்டால் செயலி நிறுவனம் ஏற்பதாகச் சொல்லும் நஷ்டத்துக்கு, அந்தக் கடன் தொகுப்பில் 5 சதவீதம்தான் உச்சவரம்பு. செயலிக்காரர் முழு நஷ்டத்தையும் ஏற்கிறேன் என்றால் வங்கி கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடும், இல்லையா? 5 சதவீதம் என்றதும் அது கண்ணைத் திறந்தாக வேண்டும். திறந்ததா, யாருக்குக் கடன் குறைந்தது, எந்த வங்கி கூட்டை முறித்துக்கொண்டது? தேதி தெரிந்த விதி இது. முன்னும் பின்னும் ஒப்பிட உங்களுக்கு வாகான இடம்.

கேள்வித்தாள் இல்லாமல் நெறியாளர் விடமாட்டார் என்றால், அதைக் கிளை மேலாளர்களிடம் கொண்டுபோங்கள். ஐந்து நிலை வேண்டாம். கடைசியாக எந்த விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினீர்கள், ஏன் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.